எபெசஸில் ஐந்தரை மணி

மதினிக்கு வேலை கிடைத்த அன்றே எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஜூன் முதல் தேதி அவள் போர்ட் பிளேரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்கிறாள். அதே தேதியில் நான் குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஷாதிபூரில் அண்ணன் பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டுக்குப் போய், அவர்களுடைய இரண்டு வயது மகள் ஜுமானாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. ஜுமானா பிறந்தபோது “மூணு மாசம் லீவு போடு” என்று சொல்லித்தான் என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதம் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. மற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக வீட்டில் இருந்த ஒரு பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை மூடியே வைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் வேடிக்கையாகத் தெரியவில்லை.

நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு வராது. அத்தாவின் கடைக்கு வருகிறவர்கள் பெயர் கேட்டால்கூட என் தொண்டை அடைத்துக்கொள்ளும். “ஷிஃபானா” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் சாமானை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். மதினி எனக்கு வைத்த பெயர் சைலன்ட் மோட்.

அம்மா மட்டும் ரகசியமாக ஒன்று சொல்லியிருந்தாள்.

“டூர் போற எடத்துல வெச்சு உங்க அத்தாகிட்ட பேசறேன். வெளியூர்ல மனசு கொஞ்சம் இளகி இருப்பாங்க. இங்க கடை, சரக்கு, கப்பல் வரலன்னு எப்பப் பாத்தாலும் எரிஞ்சுக்கிட்டே இருக்காங்க.”

அந்த டூர் மே மாதம். சென்னையில் ஒரு ஏஜென்சிக்காரர்கள் துருக்கிக்கு ஜியாரத், புனித இடங்களைப் பார்க்க, கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அத்தா ஜுமானாவையும் சேர்த்து ஆறு பேருக்கும் பெயர் கொடுத்தார். எபெசஸ் என்ற பழைய நகரத்துக்குப் பக்கத்தில் குர்ஆனில் வருகிற, முந்நூறு வருடம் தூங்கி எழுந்த குகைத் தோழர்களுடைய குகை இருக்கிறதாம். அவர்கள் கதை வரும் கஹ்ஃப் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் ஓதுகிறவர் அத்தா. அந்தக் குகை வாசலில் உட்கார்ந்து அதை ஒருமுறை ஓதிவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்றால், ஜுமானாவை யாராவது தூக்க வேண்டும்.

போர்ட் பிளேரிலிருந்து சென்னை, அங்கிருந்து இஸ்தான்புல், அங்கிருந்து இஸ்மிர். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல இருட்டு. மறுநாள் காலையில் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது அம்மாவின் போனை அத்தா வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியையும் பஸ்ஸின் அடியில் போட்டுவிட்டார்.

“யாராவது கூப்பிட்டா ரோமிங்குல பிச்சுக்கும். என் போன் ஒண்ணு போதும்.”

பஸ்ஸில் எங்களோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர். எங்களைத் தவிர எல்லாரும் மெயின்லேண்ட். முன் சீட்டில் கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவர், ஏறியதிலிருந்து எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“அந்தமான்னா ஜெயிலு இருக்குற ஊருதானே தம்பி?” என்று அண்ணனிடம் கேட்டார்.

“ஆமா சாச்சா. போன வாரம்தான் எங்கள விட்டாங்க” என்றான் ஷாநவாஸ் அண்ணன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுடைய எந்தத் தப்பையும் அவர் விடவில்லை. டிபன் தட்டை எடுத்து வைக்காமல் வந்தது, சீட் மாறி உட்கார்ந்தது, ஜுமானா அழுதது.

எபெசஸுக்கு இரண்டு வாசல். மேல் வாசலில் இறக்கிவிட்டு, பஸ் கீழ் வாசலுக்குப் போய் நின்றுகொள்ளும். நாம் மலைச்சரிவில் நடந்து இறங்கி அங்கே போய்ச் சேர வேண்டும். டூர் மேனேஜர் நாகூர் கனி மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி முன்னால் போனார். நாங்கள் போய்ச் சேரும்போதே பகல் ஒரு மணிக்கு மேல் ஆகியிருந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கல். விழுந்த தூண்கள், நிற்கிற தூண்கள், தலை இல்லாத சிலைகள், அதன் மேலெல்லாம் பூனைகள். தெருவில் பாவியிருந்த சலவைக்கல் லட்சக்கணக்கான கால்கள் பட்டு வழுவழுத்துப் போயிருந்தது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினாள். ஜுமானா என் இடுப்பில். பன்னிரண்டு கிலோ.

“இது அந்தக் காலத்துக் கக்கூஸாம்” என்று அண்ணன் ஒரு நீளக் கல்மேடையைக் காட்டினான். வரிசையாக ஓட்டைகள். “எல்லாரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே போவாங்களாம். நம்ம கப்பல் பங்க் கிளாஸ்ல கும்பலாப் படுத்துக்கிட்டு வர்ற மாதிரி.”

“எல்லாத்துக்கும் கப்பல்தான்” என்றாள் மதினி. அவள் திருச்சிக்காரி. கல்யாணமாகி நான்கு வருடமாகியும் தன்னைத் தீவில் கொண்டுவந்து இறக்கியதை அவள் மன்னிக்கவில்லை. “உங்க வீட்டாளுங்களுக்கு உலகத்துல வேற எதுவுமே தெரியாது.”

“தஹ்ஸீன், பஸ் கரோ, போதும்” என்றான் அண்ணன்.

“ஹிந்தில சொன்னா மட்டும் மரியாதையா ஆயிருமா?”

நூலகத்தின் முகப்பு வந்தது. இரண்டு அடுக்குத் தூண்கள், நடுவில் பெண் சிலைகள். உண்மையிலேயே அழகாக இருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கில் ஏடுகள் இருந்தன என்று கைடு சொன்னதைக் கேட்க நான் கொஞ்சம் முன்னால் போனேன்.

“ஷிஃபானா, போட்டோல நீ விழுற. தள்ளு” என்றாள் மதினி.

தள்ளினேன்.

“இன்னும் தள்ளு. உன் நிழல் வருது.”

அவர்கள் இரண்டு பேரும் முப்பது போட்டோ எடுத்தார்கள். ஒன்றில் ஜுமானா வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். எடுத்து முடித்ததும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அங்கேதான் பிரிந்தோம். மலைச்சரிவில் பழைய பணக்காரர்களுடைய வீடுகளைக் கூரை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனி டிக்கெட், நிறையப் படிக்கட்டு. அண்ணனும் மதினியும் அங்கே போனார்கள். அம்மாவால் படி ஏற முடியாது என்பதால் நானும் அம்மாவும் ஜுமானாவும் நிழலில் உட்கார்ந்திருப்பது என்று முடிவானது. அத்தா நாகூர் கனியிடம் போய் நேரம் கேட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னார்.

“பஸ் மக்ரிபுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் எடுக்குறாங்களாம். பொழுது அடையிற நேரத்துக்குக் கீழ் கேட்டுக்கு வந்துருங்க, சம்சாத். நேரா இறங்குனா கேட்டுதான். தொலைஞ்சு போறதுக்கு ஒண்ணுமில்ல.”

சொல்லிவிட்டு மற்ற ஆண்களோடு பழைய துறைமுகத் தெருப் பக்கம் போய்விட்டார்.

பெரிய நாடக அரங்கத்துக்குப் பக்கத்தில் பாதையை விட்டுத் தள்ளி நாலைந்து பைன் மரங்கள் இருந்தன. அங்கே உட்கார்ந்தோம். ஜுமானா ஒரு பூனையோடு விளையாடினாள், பிஸ்கட் தின்றாள், பிறகு என் மடியில் தூங்கிப்போனாள். அம்மா வெகுநேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவிடம் பேசினாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

“நேத்து ராத்திரி உங்க அத்தாகிட்ட கேட்டேன்” என்றாள் கடைசியில்.

நான் ஜுமானாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினேன்.

“‘அண்ணன் வீடு என்ன அடுத்தவன் வீடா’ன்னாங்க. ‘வீட்டுல சும்மா இருக்குறதுக்கு அங்க சும்மா இருக்கட்டும்’னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துரு. அதுக்குள்ள உனக்கே ஒரு எடம் பாத்துருவோம்.”

“எனக்குப் பத்தாவது பரீட்சை எழுதணும்மா.”

“எழுதலாம், எழுதலாம். அங்க இருந்துக்கிட்டே எழுதலாமே. உங்க மதினி டீச்சருதானே.”

இதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. தூங்குகிற பிள்ளை மடியில் இருக்கும்போது எழுந்து போகவும் முடியாது. எதிரே அந்த அரங்கத்தில் இருபத்தைந்தாயிரம் பேர் உட்காரலாமாம். அத்தனை கல்படியையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் அப்படியே இருந்தது. எங்கள் இரண்டு பேரிடமும் போனோ வாட்சோ இல்லை. அம்மா ஒருமுறை, “நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணோமே” என்றாள். நான் மரத்தின் நிழலைப் பார்த்தேன். சூரியன் நல்ல உயரத்தில் இருந்தது. எங்கள் ஊரில் அது அந்த உயரத்தில் இருந்தால் மூன்று மணி. “இன்னும் நேரம் இருக்கு” என்றேன். அம்மா மதியத்து ளுஹரையும் சாயங்காலத்து அஸரையும் சேர்த்து அங்கேயே உட்கார்ந்தபடி தொழுதுகொண்டாள். கூட்டம் குறைந்தது. சூரியன் இறங்குவதாகவே தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணன் ஓடிவந்தான். சட்டை முழுக்க வேர்வை. பின்னால் நாகூர் கனி குடையை இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

“பாகல் ஹோ க்யா? பைத்தியமா? மணி என்னன்னு தெரியுமா? ஆறே முக்கால்!” என்று கத்தினான். “அஞ்சரைக்கு பஸ். மேல் கேட்டு வரைக்கும் டாக்ஸி புடிச்சுப் போய்த் தேடிட்டு வர்றேன். தஹ்ஸீன் அங்க அழுதுக்கிட்டு நிக்கிறா.”

“அஞ்சரையா?” என்றாள் அம்மா. வானத்தைப் பார்த்தாள். “இன்னும் பொழுதே சாயலையேடா.”

“இங்க எட்டேகாலுக்குத்தாம்மா மக்ரிபு” என்றார் நாகூர் கனி. கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். “நான் உங்க வீட்டு ஹாஜியார்கிட்ட அஞ்சரைன்னு தெளிவா சொன்னேன்.”

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தீவு மெயின்லேண்டுக்கு வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. கடிகாரம் மட்டும் அவர்களுடையது. விடியற்காலை ஐந்து மணிக்கே சூரியன் வந்துவிடும், சாயங்காலம் ஆறு மணி ஆவதற்குள் போயும்விடும். முப்பது வருடமாக அபர்தீன் பஜார் கடையில் ஐந்தரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மக்ரிபு தொழப் போகிறவர் அத்தா. அவருக்கு ஐந்தரை என்பது ஒரு மணி இல்லை, பொழுது அடைவதுதான். நாகூர் கனி ஐந்தரை என்று சொன்னதை எங்களுக்குச் சொல்ல வரும் வழியிலேயே அவர் மக்ரிபாக மாற்றிவிட்டார். மாற்றியது அவருக்கே தெரிந்திருக்காது. நானும் அதே ஊர்க்காரிதானே, மரத்தின் நிழலைப் பார்த்து மூன்று மணி என்று சொன்னேன்.

ஜுமானாவைத் தூக்கிக்கொண்டு கீழ் வாசலுக்கு ஓடினோம். அம்மாவின் கையை அண்ணன் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

பஸ் பக்கத்தில் எல்லாரும் இறங்கி நின்றிருந்தார்கள். மதினி என் கையிலிருந்து ஜுமானாவைப் பிடுங்கினாள். என் மணிக்கட்டில் அவள் நகம் கீறியது.

“எங்கடி போய்த் தொலைஞ்ச?”

நாகூர் கனி டிரைவரிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினார். “மன்னிச்சுக்கங்க எல்லாரும். டிரைவர் இதுக்கு மேல நிக்க மாட்டேங்குறான். அடுத்த ஊருக்கு மூணு மணி நேரம் ஓட்டணுமாம். குகைக்குப் போறதுக்கு இனிமே வழியில்ல.”

“வழியில்லையா? இதுக்குத்தானே நான் கீழக்கரையிலேருந்து வந்தேன்?”

“எனக்கு முட்டி ஆபரேசன் பண்ணி ஆறு மாசம்தான் ஆகுது, தம்பி. இனிமே நான் எப்ப வர?”

“யாரால லேட்டு, அத மொதல்ல கேளுங்க.”

“அந்த அந்தமான் பார்ட்டிதான்.”

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அத்தா பஸ் டயருக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அத்தா உங்ககிட்ட அஞ்சரைன்னு சொல்லலையா?” என்று அண்ணன் அம்மாவைக் கேட்டான்.

அம்மா அத்தாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவருக்கு அந்த நேரம் எல்லாம் தெரிந்துவிட்டது. எட்டேகாலுக்கு மக்ரிபு என்று நாகூர் கனி அதற்குள் நாலு பேரிடம் சொல்லியிருந்தார். அத்தாவின் முகம் வெளுத்திருந்தது. “நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்று ஐந்து நொடியில் சொல்லி முடித்திருக்கலாம். அவர் தொப்பிக்குள் இருந்த தூசியைத் தட்டினார். ஒருமுறை தட்டினார். இன்னொருமுறை தட்டினார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

கீழக்கரைப் பெரியவர் முன்னால் வந்தார். “குகைத் தோழர்க முந்நூறு வருசம் தூங்குனாக. பரவாயில்ல, இந்தப் புள்ள ஒண்ணேகால் மணி நேரத்தோட எந்திரிச்சு வந்துருக்கு.”

சிலர் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. அவள் அண்ணன் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“இவள நம்பித்தான் நான் ஒண்ணாந்தேதிலேருந்து டெய்லி எட்டு மணி நேரம் புள்ளைய விட்டுட்டுப் போகணும். இல்ல? இவள நம்பித்தான்.”

அதைக் கேட்டதும் என் தொண்டை திறந்துகொண்டது. எப்படி என்று எனக்குத் தெரியாது.

“அத்தா அஞ்சரைன்னுதான் சொன்னாங்க” என்றேன்.

என் குரலைக் கேட்டு அண்ணன் திகைத்துப் போனான். அத்தா தொப்பியைத் தட்டுவதை நிறுத்தினார்.

“அப்புறம்?” என்றாள் மதினி.

“நான் தூங்கிட்டேன்.”

“தூங்கிட்டியா? பாப்பா?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“முழிச்சுப் பாத்தப்ப பக்கத்துல இல்ல. அந்தப் பெரிய படிக்கட்டுல பாதி ஏறி நின்னுச்சு. ஒரு வெள்ளைக்காரம்மாதான் புடிச்சு வெச்சிருந்தாங்க.”

வெள்ளைக்காரம்மா எங்கிருந்து வந்தாள் என்று எனக்கே தெரியவில்லை. மதினியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஜுமானாவின் முழங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? தூங்கியதிலிருந்து அவள் என் மடியை விட்டு நகரவே இல்லை.

இனி அம்மா என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் உண்மையைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. நான் நல்ல பிள்ளை ஆகிவிடுவேன், பெட்டியோடு ஷாதிபூர் போவேன். அம்மா என்னையே பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“நான் அப்பத் தொழுதுக்கிட்டிருந்தேன்” என்றாள் மெதுவாக. “புள்ளைய இவகிட்டதான் விட்டிருந்தேன்.”

எல்லார் முன்னாலும் அம்மா எனக்காகப் பேசியது அந்த ஒரு முறைதான்.

“கேட்டீங்களா?” என்று மதினி அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். “உங்க தங்கச்சி வாயால கேட்டீங்களா? என் புள்ள விழுந்து மண்டை ஒடஞ்சிருந்தா? இவ ஷாதிபூர் வாசப்படிய மிதிக்கக் கூடாது. நான் க்ரெஷ்ல விட்டுக்கறேன்.”

“தஹ்ஸீன், க்ரெஷ்னா எவ்ளோ தூரம் தெரியுமா? இப்ப கோபத்துல...”

“கோபம் இல்ல. முடிவு. இவ வந்தா நான் வேலைக்குப் போக மாட்டேன், அந்த வீட்டுக்கும் போக மாட்டேன். திருச்சிக்குப் போயிருவேன்.”

“அரே, ஒரு தடவ தூங்கிட்டா...”

“சரிடா. விடு” என்றார் அத்தா. அவசரமாகச் சொன்னார். இந்தப் பேச்சு இன்னும் இரண்டு நிமிடம் நீண்டால் அது எங்கே வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். “அவ வர வேண்டாம். நம்ம வீட்டுலயே இருக்கட்டும். இனிமே இதப் பத்தி யாரும் பேசக் கூடாது. ஏறுங்க, ஏறுங்க.”

ஏறினோம். நான் கடைசி வரிசைக்கு முந்திய சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். நடந்து போகும்போது ஒரு பெண் தன் பையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டாள், என் கை பட்டால் அதுவும் காணாமல் போய்விடும் என்பதுபோல. “ஊமக் கோட்டானுக்குத் தூக்கத்தப் பாரு” என்று யாரோ சொன்னார்கள்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு திருப்பத்தில் குகைக்கு வழிகாட்டும் பலகை வந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். மரங்கள்தான் தெரிந்தன. அத்தா எட்டிப் பார்க்கவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். உதடு அசைந்தது. பஸ்ஸிலேயே ஓத ஆரம்பித்துவிட்டார். பாதி ஓதியதும் நிறுத்தி, எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்கு வந்தார். ஒரு பொட்டலம் உலர்ந்த அத்திப்பழத்தை என் மடியில் வைத்தார்.

“அத்தா மானத்தக் காப்பாத்திட்டம்மா” என்றார் காதோரமாக. அவர் கண் கலங்கியிருந்தது.

உங்களுக்காக இல்லை என்று சொல்லியிருக்கலாம். தொண்டை இன்னும் திறந்துதான் இருந்தது. இரண்டு வருடம் முன்னால் என் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். கொஞ்ச நேரம் முன்னால் நாற்பது பேருக்கு நடுவில் என்னை நிற்கவைத்துவிட்டுத் தொப்பியைத் தட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

“ஊருக்குப் போனதும் பத்தாவது பரீட்சைக்குப் பணம் கட்டணும் அத்தா” என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அவர் தடுமாறிக் கம்பியைப் பிடித்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவருடைய கண்ணில் இருந்த ஈரம் மெல்ல வற்றிப்போவதைப் பார்த்தேன். இந்தப் பிள்ளையை இத்தனை நாள் நாம் பார்க்கவே இல்லை என்று தோன்றியிருக்கலாம், அல்லது இவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

“கட்டிக்கலாம்” என்றார். பிறகு தன் சீட்டுக்குப் போய்விட்டார். விட்ட இடத்திலிருந்து ஓதினாரா என்று தெரியவில்லை.

நான்கு வரிசைக்கு முன்னால் ஜுமானா மதினியின் மடியில் எழுந்து நின்று, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“ஷிபி” என்றாள். “ஷிபி, தூக்கு.”

இரண்டு கையையும் நீட்டினாள். அவளுக்குத் தூக்கம் வரும் நேரம். தூக்கம் வந்தால் என் கழுத்துக்குக் கீழே முகத்தை வைத்துத் தேய்ப்பாள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அவளை எப்படித் தூங்கவைப்பது என்று மதினிக்குத் தெரியாது.

“உக்காரு. அவ ஒண்ணும் வர மாட்டா” என்று மதினி அவளை இழுத்து உட்காரவைத்தாள்.

ஜுமானா அலற ஆரம்பித்தாள். கீழக்கரைப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் போய்விட்டிருந்தது. எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொள், மதினியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்பதுபோலத் தலையை அசைத்தான்.

நான் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய இமைக்குள்ளும் வெயில் சிவப்பாகத் தெரிந்தது. ஷிபி, ஷிபி என்று அவள் அழுதுகொண்டே இருந்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.